ஆமாம் என்றதை இல்லை என்று மொழிபெயர்த்தேன்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கணினித் திரையில் இத்தாலிய வினைச்சொல் அட்டவணையைத் திறந்து காட்டினார். எல்லாக் காலங்களும், எல்லா வடிவங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டதாகவும், இனி எந்த இத்தாலிக்காரர் வந்தாலும் சமாளித்துவிடலாம் என்றும் சொன்னார். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அட்டவணையை மனப்பாடம் செய்யாதவர்கள் இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வரவே கூடாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதை அட்டவணை சொல்லும். அதைச் சொன்ன மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லாது. தொழிற்சாலையில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம், நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் ஜொகூரில், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய் ஆலையில் கப்பல் சரக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஆலையை விரிவாக்க இத்தாலியிலிருந்து இயந்திரங்கள் வாங்கினார்கள். அவற்றைப் பொருத்த வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் அரைகுறை. எங்களுக்கு இத்தாலியன் சுத்தமாகத் தெரியாது. கையைக் காட்டி, படம் வரைந்து ஒரு வழியாக முதல் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அடுத்தது பெரிய வேலை, ஒரு முழுச் சுத்திகரிப்புப் பிரிவு. நிர்வாகம் யாராவது மொழி படிக்கத் தயாரா என்று கேட்டது. நான் கையைத் தூக்கினேன். எனக்கு அப்போது முப்பத்தைந்துக்கு மேல். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். என் கணவர், "போய்ட்டு வா, சனிக்கிழமை சமையலை நான் பாத்துக்கிறேன்," என்றார். சொன்னபடியே செய்தார். அவர் வைத்த சாம்பாரைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

வகுப்பு சிங்கப்பூரில். எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று போய்ச் சேருவேன். ஆசிரியை ஓர் இத்தாலியப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கண்டிப்பானவர். முதல் மாதம் முழுவதும் வினைச்சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம். உடன் படித்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லின் வால் மாறுவது அவர்களுக்குப் புதிது. மலாயில் அப்படி ஒன்று இல்லை, சீனத்தில் இல்லை, ஆங்கிலத்திலும் பேருக்குத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் அது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' வேண்டாம். இத்தாலியனிலும் வேண்டாம். மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் பல நாள் கவனித்துவிட்டு, "அக்கா, எந்த சாமிக்கு இந்த மந்திரம்? எனக்கும் சொல்லிக் குடுங்க," என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அலுத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஆசிரியை திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஸரா இல் போர்த்தியேரே" என்றார். பிறகு நாங்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டோம் என்று கேட்டார். 'ஸரா' எதிர்காலம், 'போர்த்தியேரே' காவலாளி. 'அது காவலாளியாக ஆகும்', 'இனிமேல் காவலாளி வருவார்' என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மனதில் தமிழ்தான் முந்திக்கொண்டு வந்தது. வாட்ச்மேனா இருக்கும். நாம் தினமும் சொல்வதுதான். 'இருக்கும்' என்பது எதிர்கால வடிவம். ஆனால் நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றியா சொல்கிறோம்? இல்லை, இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று ஊகிக்கிறோம். தட்டுத்தடுமாறி அதை இத்தாலியனில் விளக்கினேன். ஆசிரியை வெள்ளைப்பலகையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மொழியில் வினைச்சொல் எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டார். கடைசியில் அவர் சொன்னதைத்தான் உங்களுக்குத் தர நினைக்கிறேன். வினைச்சொல் காலத்தைக் காட்டுகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி நேரம் அது பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டுகிறது. பார்த்தாரா, நினைத்தாரா, ஆசைப்பட்டாரா, யாராவது சொல்லிக் கேட்டாரா. மொழிபெயர்க்கிறவர் முதலில் அதைப் பிடிக்க வேண்டும்.

அது வேலையில் உதவியது எப்போது என்று கேட்பீர்கள். முதல் தடவை ஓர் இயந்திர உறுப்பு விஷயத்தில்.

புதிய பிரிவைக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் அப்போது முழுநேர மொழிபெயர்ப்பாளர். கட்டுமானத்துக்குப் பொறுப்பான மேலாளர் ரஸாக், மலாய் மரியாதைப்படி எங்களுக்கு என்சிக் ரஸாக். நல்ல மனிதர், அவசரக்காரர். இத்தாலியர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சில சொற்களைப் பிடித்து வைத்திருந்தார். காலையில் அவர்களைப் பார்த்ததும் "போன்ஜோர்னோ" என்பார். 'ஸீ' என்றால் ஆமாம், 'கியூஸோ' என்றால் மூடியது, 'அப்பெர்த்தோ' என்றால் திறந்தது. தனக்கு இத்தாலியன் வருகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. இத்தாலியர்களின் தலைவர் பாவ்லோ, மூத்த பொறியாளர், குறைவாகப் பேசுகிறவர்.

ஒரு பம்ப்புக்கான உறுப்பு கப்பலில் வர வேண்டியிருந்தது. அது இல்லாமல் வேலை நகராது. ஒரு நாள் காலை இத்தாலியிலிருந்து வந்த செய்தியை அலுவலகத்தில் ஒருவர் போனிலிருந்த ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். 'உறுப்பு வந்திருக்க வேண்டியது, ஆனால் வரவில்லை' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் காட்டியிருக்கிறது. என்சிக் ரஸாக் தொடக்க நாளைத் தள்ளிவைக்கும் கடிதத்தைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். நான் உள்ளே நுழையும்போது அறையே இழவு வீடு மாதிரி இருந்தது.

மூலச் செய்தியைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 'ஸரெப்பே அர்ரிவாத்தோ' என்று இருந்தது. அட்டவணையில் தேடினால் நிபந்தனை வடிவம் என்று இருக்கும். 'இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்' என்கிற இடத்தில் வருவது. ஆனால் அந்தச் செய்தியில் நிபந்தனை எதுவும் இல்லை. இத்தாலியர்கள் தாங்கள் நேரில் பார்க்காததை, யாரோ சொல்லிக் கேட்டதைச் சொல்லும்போதும் இதே வடிவத்தைத்தான் எடுப்பார்கள். அவர்களின் செய்தித்தாள்களைப் பாருங்கள், வரிக்கு வரி இருக்கும். நமக்கு அதைச் சொல்ல ஒரே ஓர் எழுத்துக் கூட்டம் போதும். வந்துவிட்டதாம். அந்த 'ஆம்' தான் அது.

என்சிக் ரஸாக்கிடம் போய், உறுப்பு வந்துவிட்டதாக அங்கே யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் உறுதி செய்யவில்லை, அவ்வளவுதான், துறைமுகத்துக்கு ஆளை அனுப்பிப் பாருங்கள் என்றேன். அவர் நம்பிக்கையில்லாமல்தான் அனுப்பினார். துறைமுகம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். மதியத்துக்குள் பெட்டி எங்கள் வாசலில் இறங்கியது. மூன்று நாளாக அங்கே கிடந்திருக்கிறது. அவர் அந்தக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு எனக்கு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கே கூட்டம் என்றாலும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

அப்படி அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு மதிய நேரத்தில்தான் அது நடந்தது.

பெரிய எஃகுக் கலன் ஒன்று. இரண்டு மாடி உயரம். உள்ளே ஒரு வடிகட்டித் தகடு சரியாக உட்காரவில்லை, ஆள் இறங்கிச் சரிசெய்ய வேண்டும். இறங்க வேண்டியவர் சேகர். தங்காக்கிலிருந்து வந்து இங்கே குடியேறியவர், ஒப்பந்தக்காரரின் ஆட்களில் மிகவும் கைதேர்ந்தவர், நாற்பது வயதுக்காரர். காலையிலேயே கலனுக்குள் இருந்த காற்றைச் சோதித்திருந்தார்கள். சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கலனுக்குள் நைட்ரஜன் வாயு வரும் ஒரு குழாய் உண்டு. எண்ணெய் கெடாமல் இருக்க அதைச் செலுத்துவார்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அது நிறைந்த இடத்துக்குள் இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். ஏன் விழுகிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்தக் குழாயின் வால்வு மேல்தளத்தில் இத்தாலியர்களின் பொறுப்பில் இருந்தது.

அன்றைக்குத் தலைமையகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மேலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை ஏற்கெனவே தாமதம். சேகர் பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு கலனின் வாயில் ஒரு காலை உள்ளே விட்டு உட்கார்ந்திருந்தார். என்சிக் ரஸாக் என்னிடம் வாக்கி-டாக்கியைக் கொடுத்து, நைட்ரஜன் வால்வு மூடியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். மேலே இருந்தவர் லூக்கா என்ற தொழில்நுட்பர். பதில் உடனே வந்தது. "ஸீ, ஸீ, லாவ்ரா கியூஸா" என்று தொடங்கித் தன் சக ஊழியரின் பெயரைச் சொல்லி, அவர் சாப்பிடப் போகும் முன்னால் என்று முடித்தார்.

சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. என்சிக் ரஸாக்குக்குத் தெரிந்த இரண்டு சொற்களும் அதில் இருந்தன. ஆமாம், மூடியது. அவர் கட்டை விரலை உயர்த்திச் சேகரைப் பார்த்தார். சேகர் இரண்டாவது காலையும் உள்ளே எடுத்தார்.

'லாவ்ரா கியூஸா'. எதிர்கால வடிவம், முடிந்துபோன செயலைப் பற்றி. நம் பேச்சில் இது நாளுக்கு நூறு தடவை வரும். மூடியிருப்பார். பார்க்கவில்லை, கேட்கவில்லை. அந்த ஆள் பொறுப்பானவர், போகும் முன்னால் மூடியிருப்பார், எப்போதும் மூடுவார். இவ்வளவுதான் லூக்காவிடம் இருந்த தகவல்.

"சேகர், இருங்க," என்றேன். பிறகு மேலாளரிடம் மலாயில், மூடியிருப்பார் என்று நினைக்கிறார், அவர் பார்க்கவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. மேலே நிற்கும் தலைமையக ஆட்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "யா கெ தீடாக்?" என்றார். ஆமாவா, இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏனென்றால் இந்தக் கேள்வி உங்கள் எல்லாரையும் ஒரு நாள் தேடி வரும். நம் தொழிலில் முதல் விதி, சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. லூக்கா 'ஸீ' என்றார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதை நான் 'இல்லை' என்று சொன்னால் விதியை மீறுகிறேனா? அந்த ஒரு வினாடிக்குள் என் மனதில் ஓடியது இதுதான். மேலாளர் கேட்ட கேள்வி, வால்வு மூடியிருக்கிறதா என்பது. லூக்கா சொன்ன வாக்கியத்தில் வால்வைப் பற்றிய செய்தி எதுவுமே இல்லை. அதில் இருந்தது நண்பரைப் பற்றிய நம்பிக்கை. 'ஸீ' என்பது அந்த நம்பிக்கைக்கு முன்னால் வந்த மரியாதை. சொல்லை மொழிபெயர்த்தால் 'ஆமாம்'. வாக்கியத்தை மொழிபெயர்த்தால் 'தெரியாது'. ஒரே சொல்லில்தான் வேண்டும் என்றால், ஒரு மனிதர் இறங்கப்போகிற இடத்தில், 'தெரியாது' என்பதற்கு ஒரே பொருள்தான்.

"தீடாக்," என்றேன். இல்லை.

என்சிக் ரஸாக்கின் முகம் சிவந்துவிட்டது. 'ஸீ' என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டேன், எல்லாரும் கேட்டார்கள், நீங்கள் எப்படி இல்லை என்கிறீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயம்தான். விவாதம் செய்ய நேரமில்லை. இன்னொரு தடவை அவரிடம் கேட்கிறேன், நீங்களும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாக்கி-டாக்கியை அழுத்தினேன். இந்த முறை கேள்வியை மாற்றினேன். வால்வைப் பற்றிக் கேட்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்டேன். மூடியிருப்பது உங்களுக்குத் தெரியுமா?

இப்போது பதில் கொஞ்சம் மெதுவாக வந்தது. "க்ரேதோ கே லாப்பியா கியூஸா." மூடினார் என்று நம்புகிறேன். வினை வேறு வடிவத்துக்கு இறங்கிவிட்டதைக் கவனியுங்கள். 'கொஞ்சுந்தீவோ' என்று நீங்கள் படித்த, எல்லாரும் பயப்படுகிற வடிவம். சந்தேகம், நம்பிக்கை, ஆசை இவற்றின் வீடு அது. 'விவா' என்று அவர்கள் கோஷம் போடுவதும் அதே வடிவம்தான், நம் 'வாழ்க' மாதிரி. வாழ்க என்று சொன்னால் ஒருவர் வாழ்ந்துவிட்டார் என்று பொருளா? விருப்பம், அவ்வளவுதான். லூக்காவுக்கே தான் வழுக்கிக்கொண்டிருப்பது தெரியத் தொடங்கியிருந்தது.

மூன்றாவது தடவை, எளிதான வினையில், அவர் தப்பிக்க முடியாதபடி கேட்டேன். உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?

பிறகு, "நோ. நோன் லோ விஸ்தா."

இல்லை. பார்க்கவில்லை. நேர்வினை. நடந்ததை நடந்தபடி சொல்லும் வடிவம். ஒரே நிமிடத்தில் மூன்று வடிவங்களைக் கடந்து வந்து கடைசியில் தரையில் கால் வைத்தார். அந்த 'நோ' என்ற சொல்லும் என்சிக் ரஸாக்குக்குத் தெரியும். அவர் கட்டை விரல் தானாகக் கீழே இறங்கியது. சேகரை வெளியே வரச் சொன்னார். வால்வை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி லூக்காவிடம் சொன்னேன்.

அவர் படியேறும் சத்தம் வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. சேகர் கலனின் விளிம்பிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபமும் குழப்பமும் கலந்து இருந்தன.

"அக்கா, எனக்கும் கேட்டுச்சு. ஸீன்னுதானே சொன்னாரு?"

"வீட்டுல கேஸ் அடைச்சிட்டியான்னு கேக்குறீங்க. 'அடைச்சிருப்பேன்'னு பதில் வருது. நீங்க என்ன செய்வீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "எழுந்து போய்ப் பாப்பேன்."

"அவர் அதைத்தான் சொன்னாரு."

சேகர் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வாக்கி-டாக்கி உயிர்பெற்றது. லூக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது. வால்வு திறந்திருக்கிறது என்றார். முழுவதும் இல்லை, ஆனால் திறந்திருக்கிறது. காலைச் சோதனைக்குப் பிறகு ஒரு குழாயை ஊதிச் சுத்தம் செய்ய யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள், முழுதாக மூடவில்லை. பாதுகாப்பு அதிகாரி கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டிக் கலனுக்குள் இறக்கினார். ஒரு கை நீளம்கூட இறங்கவில்லை. அது அலறத் தொடங்கியது. அந்தச் சத்தம் நிற்கும்வரை எங்களில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என்சிக் ரஸாக் மெல்ல என் பக்கம் திரும்பினார். "அலமாக்," என்றார், ஐயையோ என்கிற மாதிரி, ஏறக்குறைய தனக்குத்தானே. பிறகு மேலே நின்றிருந்த தலைமையக ஆட்களிடம் அவரே போனார். வேலை நாளைக்குத்தான், காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்று உரத்துச் சொன்னார். அவசரக்காரரான அவர் அன்றைக்கு அந்தத் தாமதத்துக்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் கலன் பக்கத்திலிருந்த இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அது பயமா என்று யோசித்தேன். இல்லை. பஸ்ஸில் முணுமுணுத்த அத்தனை வால்களும், பாலத்து நெரிசலில் நின்ற அத்தனை சனிக்கிழமைகளும் ஒரு மனிதரின் இரண்டாவது காலை வெளியே எடுக்க உதவியிருக்கின்றன என்ற நினைப்பு. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அழவில்லை, சிரித்தேன். சேகர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். ஏன் சிரிக்கிறோம் என்று பாதுகாப்பு அதிகாரிக்குப் புரியவில்லை.

லூக்கா கீழே இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவே இல்லை. தான் ஊகிப்பதைத் தன் மொழியில் சரியான வடிவத்தில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னார். கேட்டவர்களுக்குத்தான் காது போதவில்லை. அவர் சேகரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். நான் மொழிபெயர்க்கப் போனேன். சேகர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பாவ்லோ எழுந்தார். குறைவாகப் பேசுகிறவர் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்கும் அப்படித்தான். இனி ஆள் இறங்கும் இடத்தில் வாக்கி-டாக்கியில் எதிர்காலத்துக்கு இடமில்லை, நம்புகிறேன் என்பதற்கும் இடமில்லை என்று தன் ஆட்களிடம் இத்தாலியனில் சொன்னார். பார்த்தால் பார்த்தேன் என்று சொல்லுங்கள். பார்க்காவிட்டால் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள். நான் அதை மலாயிலும் தமிழிலும் சொன்னேன். என்சிக் ரஸாக் தன் பங்குக்கு ஒரு கேள்வியை ஆலை முழுவதும் பரப்பிவிட்டார். "நம்பாக் செண்டிரி கெ?" நீயே பார்த்தாயா? இத்தாலியரோ, மலாய்க்காரரோ, நம்ம ஆளோ, யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது அதுதான். கேன்டீனில் மீன் கறி தீர்ந்துபோய்விட்டது என்று ஒருவர் சொன்னபோதும் கேட்டார்.

கூட்டம் முடிந்த அன்றைக்கே சேகர் கலனுக்குள் இறங்கினார். அதற்கு முன்னால் வால்வை லூக்கா தானே மூடி, பூட்டுப் போட்டு, சாவியைச் சேகரின் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். கேஸ் மீட்டர் வாயைத் திறக்கவில்லை. தகடு அதன் இடத்தில் உட்கார்ந்தது. சேகர் வெளியே வந்து, உள்ளே அடுப்படி மாதிரி சூடு என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். அதுதான் உண்மை. கேட்ட கேள்விக்குப் பார்த்த பதில் வரத் தொடங்கியதும் திரும்பச் செய்யும் வேலை குறைந்துவிட்டது. தள்ளிப்போகும் என்று எல்லாரும் பயந்த தொடக்க நாள் சொன்ன தேதியிலேயே வந்தது.

அன்று காலை கட்டுப்பாட்டு அறையில் நிற்க இடமில்லை. எண்ணெயை உள்ளே விட வேண்டிய முதல் வால்வைத் திறக்கச் சேகர் கீழே நின்றிருந்தார். நடுத்தளத்தில் ஒரு மலாய்க்காரர், மேல்தளத்தில் லூக்கா. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கட்டளை போக வேண்டும். பாவ்லோ வாக்கி-டாக்கியை எடுத்தார். வழக்கம்போல அவர் சொல்வார், நான் மற்ற இரண்டு மொழிகளில் சொல்வேன் என்று தயாராக நின்றேன். அவர் அதை என்னிடம் நீட்டினார். "லோ தீக்கா லேய்," என்றார். நீங்களே சொல்லுங்கள்.

இத்தனை ஆண்டுகளில் ஊகம், நம்பிக்கை, வதந்தி, சந்தேகம் என்று எல்லா வடிவத்தையும் சுமந்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் சரக்கு. கட்டளை என்று ஒன்றை என் வாயால் நானாகச் சொன்னதில்லை. ஏவல் வினை எல்லா மொழியிலும் சின்னது, அதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. என்சிக் ரஸாக் மணிக்கட்டைப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"அப்ரீத்தே. புக்கா. திறங்க."

எதுவும் கேட்கவில்லை. பிறகு கீழே எங்கோ பம்ப் முனகியது. தரை மெல்ல அதிர்ந்தது. குழாயில் இருந்த கண்ணாடிச் சன்னலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நுரை, அப்புறம் பழுப்பாக ஒரு கோடு, அப்புறம் சன்னல் முழுவதும் எண்ணெய். கீழேயிருந்து சேகரின் குரல் வந்தது. "வந்துருச்சுக்கா." யாரோ மேசையைத் தட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். பாவ்லோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

என்சிக் ரஸாக் என் கையிலிருந்த வாக்கி-டாக்கியை வாங்கி, ஆலை முழுவதும் கேட்கும்படி, "ப்ராவோ, புவான்!" என்றார், பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் மலாய்ச் சொல்லைச் சேர்த்து. பாவ்லோ உடனே அவர் தோளைத் தொட்டார். ஆணுக்குத்தான் 'ஓ', இவங்களுக்கு 'ஆ' என்று தனக்குத் தெரிந்த மலாயில் திருத்தினார். மேலாளர் ஒரு வினாடி யோசித்தார். மலாயில் அந்த வித்தியாசமே கிடையாது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"ப்ராவா."

மேல்தளத்திலிருந்து லூக்கா அதையே திருப்பிச் சொன்னார். நடுத்தளம் சொன்னது. கீழேயிருந்து சேகரும் சொன்னார், அவருக்குப் பொருள் தெரிந்திருக்க வழியில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.